செவ்வாய்க்கிழமை வந்திருந்தாலும்

என் காதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதெல்லாம் திமிர் பிடித்தவள் பேச்சாகத் தெரியும்.

நூற்று நாற்பது தையல் மெஷின்கள் ஒரே கூரைக்குக் கீழே ஓடுகிற இடத்தில் எனக்கு வேலை. தைத்து வருகிற சட்டைகளை மேசையில் விரித்து, தையல் விட்டுப்போயிருக்கிறதா, காலர் கோணியிருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற செக்கர். ஆனால் துணி என் மேசைக்கு வருவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். அத்தனை இரைச்சலுக்கு நடுவில் ஏதோ ஒரு மெஷினில் சின்னதாக ஓர் இடறல் கேட்கும். "அண்ணே, மூணாவது வரிசையில ஏழாவதைக் கொஞ்சம் பாருங்க" என்பேன். மெக்கானிக் அண்ணன் ஏன், எதற்கு என்று கேட்க மாட்டார். போய் நிறுத்துவார், கழற்றுவார். ஊசி வளைந்திருக்கும், இல்லையென்றால் உள்ளே கொக்கி தேய்ந்திருக்கும். பதினோரு வருஷத்தில் இரண்டே தடவைதான் தப்பாகச் சொல்லியிருக்கிறேன். அங்கே எனக்குப் பெயரே 'காது' தான்.

என் ஒரு வார்த்தைக்கு மோட்டாரை நிறுத்துகிற ஆட்கள் இருந்தார்கள். ஆனால் என் வயிற்றைப் பற்றி நான் சொன்னதை ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒருத்தரும் என்றால் என்னையும் சேர்த்துத்தான்.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அவருக்கு அம்மா இல்லை, அக்காதான் வளர்த்தார், எனக்கு அண்ணி. கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளாமல் வளர்த்தார். அதனால் எங்கள் வீட்டில் அண்ணி வைத்ததுதான் சட்டம். அண்ணி நர்ஸ். கண் ஆஸ்பத்திரி நர்ஸ். இருபது வருஷமாக அடுத்தவர்கள் கண்ணில் சொட்டு மருந்து விட்ட கை. ஆனால் எங்கள் குடும்பத்துக்கு நர்ஸ் என்றால் நர்ஸ்தான். முட்டிவலி, மூலம், குழந்தைக்குச் சளி, பல்வலி, எது வந்தாலும் அண்ணிக்குத்தான் போன் போகும். அவரும் ஒரு நாள்கூட 'எனக்குத் தெரியாது' என்று சொன்னதில்லை. கேட்டவர் மனசு நிறைகிற மாதிரி ஏதாவது சொல்லிவிடுவார். பெரும்பாலும் அது சரியாகவும் இருந்து தொலைத்தது, அதுதான் கஷ்டம்.

அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். நான் முதல் தடவை உண்டாகியிருந்தபோது, டூட்டி முடிந்து இரண்டு பஸ் மாறி வந்து, வீங்கின என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டு நீவிவிட்டவர் அவர். "நீ சும்மா இருடி, உனக்கா பண்றேன், என் மருமகனுக்குப் பண்றேன்" என்பார்.

ஏழாவது மாசத்தில் ஒரு நாள் வயிறு கல்லாக இறுகியது. பயந்துபோய் நானே ஆட்டோ பிடித்துப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்கே இருந்த பெண் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "வாயுங்க. வீட்டுக்குப் போய் வெந்நீர் குடிங்க" என்றாள். இதை அண்ணியிடம் சொன்னது என் தப்பு. அடுத்த வாரத்துக்குள் சொந்தபந்தம் முழுவதும் தெரிந்துவிட்டது. போகிற வருகிறவர்கள் எல்லாம், "என்ன, குழந்தை எப்படியிருக்கு, வாயு எப்படியிருக்கு?" என்று கேட்டார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் இனிமேல் செத்தாலும் ஆஸ்பத்திரி வாசலில் போய் அசடு வழிந்துகொண்டு நிற்பதில்லை என்று மனசுக்குள் வைராக்கியம் எடுத்துக்கொண்டேன். வைராக்கியம் எடுப்பதற்கு நல்ல விஷயமாகப் பார்த்தேன், பாருங்கள்.

உள்ளே இருந்தவன் தொழிற்சாலைப் பிள்ளை. காலை எட்டு மணிக்கு எல்லா மெஷினும் ஒன்றாகக் கிளம்பும்போது ஓர் உதை விடுவான். மத்தியானம் சாப்பாட்டுக்கு எல்லாம் ஒன்றாக நிற்கும்போது, ஏன் நிறுத்தினார்கள் என்று கேட்கிற மாதிரி இன்னொரு உதை. பக்கத்து மேசைக்காரி என் வயிற்றைப் பார்த்தே, "மணி அடிச்சாச்சு, வாங்க சாப்பிடலாம்" என்பாள்.

எட்டரை மாசத்தில் ஒரு திங்கட்கிழமை எட்டு மணிக்கு உதை வரவில்லை. தூங்குகிறான் என்று நினைத்தேன். மத்தியானம் லேசாக ஒரு புரளல். உதை இல்லை, திரும்பிப் படுக்கிற மாதிரி. மறுநாள் செவ்வாய்க்கிழமை அதுவும் குறைந்தது. வலியில்லை, ரத்தமில்லை, காய்ச்சலில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் சொல்ல வராது. இடறல் கேட்டது, அவ்வளவுதான். சாயங்காலம் வேனைக் கழுவிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம் போய் நின்றேன்.

"குழந்தை சரியா அசையலங்க. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாமா?"

அவர் குழாயை நிறுத்தினார். "இரு, அக்காவைக் கேட்டுடலாம்."

அக்கா வந்தார். கையில் ஒரு சின்ன டப்பா. வயிற்றில் வைத்தால் குழந்தையின் இதயத்துடிப்பு கேட்குமாம், எண்ணும் தெரியுமாம். எங்களுக்காகவே வரவழைத்திருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. சோப்புப் பெட்டி அளவு கருவி, அதிலிருந்து ஒயர் போட்டு ஒரு குமிழ். என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, வயிற்றில் வழவழவென்று எதையோ தடவி, குமிழை அங்கும் இங்கும் நகர்த்தினார். கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு இடது பக்கம், கீழே, ஒரு சத்தம் பிடிபட்டது. உஷ், உஷ், உஷ் என்று.

"நூத்திப் பதினாறு" என்றார் அண்ணி. "ஜம்முனு இருக்கான்டா உன் பிள்ளை."

வீட்டுக்காரர் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். போனை எடுத்து அந்தச் சத்தத்தைப் பதிவு பண்ண ஆரம்பித்தார்.

எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. ஸ்கேனில் என் பிள்ளையின் துடிப்பை மூன்று தடவை கேட்டிருக்கிறேன். ஓவர்லாக் மெஷின் மாதிரி டகடகவென்று ஓடும். இது அது இல்லை. போர்வைக்குள் என் வலது கை விரல்களை இடது கை மணிக்கட்டில் வைத்தேன். உஷ். ஒரு துடிப்பு. உஷ். ஒரு துடிப்பு. இரண்டும் ஒன்றாகவே வந்தன.

"அண்ணி, இது என்னோட சத்தம் மாதிரி இருக்கு."

அண்ணியின் கை ஒரு நொடி நின்றது. பிறகு குமிழை இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.

"உன்னோடது எப்படிடி நூத்திப் பதினாறு இருக்கும்? நீ என்ன ஓட்டப் பந்தயத்துலயா ஓடுற?"

பயத்தில் ஓடிக்கொண்டுதான் இருந்தேன். அது அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

"காதும்மா, இது தையல் மெஷின் இல்ல" என்றார் வீட்டுக்காரர். நல்ல மனசோடுதான் சொன்னார். அண்ணி சிரித்தார். "வாயுவுக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடினவதானே" என்று என் கன்னத்தைத் தட்டினார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

புதன்கிழமை வேலைக்குப் போனேன். அசைவு இருந்ததா என்று யாராவது கேட்டால் இருந்தது என்றேன். நடக்கும்போது வயிறு குலுங்குவதை அசைவு என்று சொல்லிக்கொண்டேன். நூற்றுப் பதினாறு, நூற்றுப் பதினாறு என்று மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டேன். ஒரு மெஷினில் இப்படி ஓர் இடறல் கேட்டு, யாரோ ஒருத்தர் ஓர் எண்ணைக் காட்டி எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால், சண்டை போட்டுக் கழற்ற வைத்திருப்பேன். சட்டைக்குப் போட்டிருப்பேன் சண்டை. பிள்ளைக்குப் போடவில்லை.

வியாழக்கிழமை எட்டு மணிக்கு எல்லா மெஷினும் கிளம்பின. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே ஒருத்தரும் இல்லை. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆள் இல்லாத வீட்டுக்கு வெளியே நின்றாலே தெரியுமே, அப்படித்தான். மெக்கானிக் அண்ணன் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் ஆட்டோ கூப்பிட ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஸ்கேன் குமிழை வைத்துவிட்டு, திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அப்புறம், "வீட்டுக்காரர் எங்கேம்மா?" என்றார். அவ்வளவுதான். அவர் அதற்கு மேல் ஒன்றுமே சொல்லியிருக்க வேண்டியதில்லை.

இறந்த பிள்ளையையும் பெற்றுத்தான் ஆக வேண்டும். இது எனக்குத் தெரியாது. மருந்து ஏற்றி, வலி வரவழைத்து, மறுநாள் மத்தியானம் வரைக்கும் கத்திக் கதறிப் பெற்றேன். பையன். தலை நிறைய முடி. பக்கத்து அறையில் ஒரு குழந்தை அழுதது, என் அறையில் பாத்திரங்களை அடுக்குகிற சத்தம்தான் கேட்டது. அண்ணி கண் ஆஸ்பத்திரியில் இருந்து நேராக வந்திருந்தார், யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. என் தலைமாட்டில் நின்று, முடியைக் கோதிக்கொண்டே இருந்தார். பெரிய டாக்டர் வந்தபோது அவர்தான் கேட்டார்.

"டாக்டர், செவ்வாய்க்கிழமையே வந்திருந்தா?"

வயசான மனுஷர். என்னைப் பார்த்தார், அண்ணியின் யூனிஃபார்மைப் பார்த்தார், சுவரோரம் முகத்தை மூடிக்கொண்டிருந்த வீட்டுக்காரரைப் பார்த்தார். "செவ்வாய்க்கிழமை வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா. சிலது அப்படித்தான். யாரும் மனசைப் போட்டு உழப்பிக்காதீங்க" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இரண்டு வருஷம் குடும்பம் நடத்தினோம். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் எல்லாம் வீட்டுக்காரர் அதைத்தான் சொன்னார். அண்ணி சொன்னார். எனக்குப் பால் கட்டி நெஞ்சு நெருப்பாக எரிந்தபோதும், துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டே அதைத்தான் சொன்னார். கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம் ஆனது. உண்மையைச் சொன்னால், அந்த வாக்கியம் அவர்களைவிட எனக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது. அண்ணிக்குத் தெரியாது, வீட்டுக்காரருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போனவள் நான். செவ்வாய்க்கிழமை வந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்றால்தான் நான் கண்ணாடியைப் பார்க்க முடியும், சோறு தின்ன முடியும்.

மறுபடி உண்டானபோது யாரும் கேலி பேசவில்லை. அண்ணி அந்தக் கருவியை எங்கே கொண்டுபோய்ப் போட்டார் என்று தெரியாது, நானும் கேட்கவில்லை. வருவார், காலை நீவிவிடுவார், "உனக்கு என்ன தோணுது?" என்று மட்டும் கேட்பார். அப்படிக் கேட்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டார்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஆறாவது மாசத்தில் ஒரு தடவை, ஏழில் மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஒன்றுமில்லை என்றார்கள். சீட்டு எழுதுகிற பெண் என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவளை முழங்கையால் இடித்தாள். எட்டாவது மாசத்தில் ஒரே வாரத்தில் இரண்டாம் முறை போனபோது அவள் பேனாவை வைத்துவிட்டு, "அக்கா, இங்கேயே ஒரு கட்டில் போட்டுக் கொடுத்துடவா?" என்றாள்.

"கொடும்மா, புண்ணியமாப் போகும்" என்றேன். வெட்கம், மானம் எல்லாவற்றையும் போன தடவையே பெற்றுப் போட்டாகிவிட்டது.

வயிற்றில் இருந்த இவள் தொழிற்சாலைச் சத்தத்தைச் சட்டை செய்கிறவள் இல்லை. தன் பாட்டுக்கு எப்போதும் நெளிந்துகொண்டே இருப்பாள். அந்த வாரக் கடைசியில் ஒரு நாள், சட்டைக் கட்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, நெளிவு மெதுவானது. நிற்கவில்லை. மெதுவானது. நான் மணி பார்க்கவில்லை, எண்ணவில்லை, வீட்டுக்காரருக்குப் போன் பண்ணவில்லை. கையிலிருந்த சட்டையை அப்படியே போட்டுவிட்டு நடந்தேன்.

பெல்ட் மாதிரி ஒன்றை வயிற்றில் கட்டி, குழந்தையின் துடிப்பைக் காகிதத்தில் கோடாக இழுக்கிற மெஷினில் படுக்க வைத்தார்கள். இருபது நிமிஷம். நர்ஸ் காகிதத்தைக் கிழித்துப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. எந்திரிங்க" என்றாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் வைங்க."

"நார்மலா இருக்குங்க. வெளியில நாலு பேர் காத்திருக்காங்க."

"இருக்கட்டும். நான் எந்திரிக்க மாட்டேன்."

"இப்படிப் பண்ணா எப்படிங்க?"

"நீங்க யாரை வேணாலும் கூப்பிடுங்க. தரதரன்னு இழுத்துட்டுப் போங்க. நானா எந்திரிக்க மாட்டேன்."

அவள் டாக்டரைக் கூப்பிடப் போனாள், என்னைத் திட்ட வைக்கத்தான். டாக்டர் சின்ன வயசுப் பெண். வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவள் வாயைத் திறப்பதற்குள் மெஷினில் கேட்டுக்கொண்டிருந்த துடிப்புச் சத்தம் இடறியது. டகடகவென்று ஓடிக்கொண்டிருந்தது தடுக்கி, இழுத்து, மெதுவாகி, மறுபடி எழுந்தது. காகிதத்தில் கோடு ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. டாக்டர் என்னைத் திட்டவில்லை. இன்னொரு பள்ளம் வரைக்கும் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் ஆட்கள் ஓடினார்கள், கட்டில் ஓடியது.

பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்கும் குறைவு. கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டாள்.

மறுநாள் காலை வீட்டுக்காரர் அவளைப் பார்க்கப் போயிருந்தபோது டாக்டர் வந்தாள். அண்ணி என் கட்டிலுக்குப் பக்கத்தில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். டாக்டர் என் பழைய ஃபைலைக் கையில் வைத்திருந்தாள்.

"போன குழந்தைக்கு எப்போ அசைவு குறைஞ்சுது?"

"திங்கட்கிழமை கொஞ்சம். செவ்வாய்க்கிழமை நல்லாவே தெரிஞ்சுது."

"எப்போ வந்தீங்க?"

"வியாழக்கிழமை."

அவள் பக்கத்தைப் புரட்டினாள். "நஞ்சுக்கொடி வழியாக் குழந்தைக்குப் போற ரத்தம் உங்களுக்குக் குறைஞ்சிடுது. அப்பவும் இதேதான் நடந்திருக்கு, இதுல எழுதியிருக்காங்க. இந்தத் தடவை குறைஞ்ச அன்னைக்கே வந்துட்டீங்க, அதான் எடுக்க முடிஞ்சுது. அப்பவும் அதே மாதிரி..." என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். சின்னப் பெண். பாராட்டத்தான் வந்தாள், பாவம். "சரி, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அண்ணியின் கையில் மடித்ததும் மடிக்காததுமாக ஒரு துண்டு இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. துண்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அன்னைக்கு நீ சொன்னதும் எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. உன் கையைப் பிடிச்சுப் பார்க்கலாம்னு நினைச்சேன். தம்பியைப் பார்த்தேன். போன்ல அதைப் பதிவு பண்ணிட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரிச்சிட்டிருந்தான். அவன்கிட்ட எனக்குத் தெரியலன்னு சொல்ல வாய் வரலடி."

இரண்டு வருஷமாக இவரைக் கேட்க வேண்டும் என்று நான் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒரு மூட்டை இருக்கும். வாய்க்கு வந்தபடி கேட்டிருக்கலாம், கேட்க எனக்கு உரிமையும் இருந்தது. வந்தது வேறு.

"உங்களுக்கு ஒரு சந்தேகம் அண்ணி. எனக்குச் சந்தேகம்கூட இல்ல, தெரியும். என் வயிறு, என் காது. நான் மட்டும் என்னத்தக் கிழிச்சேன்?" என்றேன்.

அவர் அழவில்லை. அந்தத் துண்டை உதறி, மறுபடி முதலில் இருந்து மடித்தார். நான்தான் அழுதேன். வயிற்றில் போட்ட தையல் இழுத்தது, இருந்தும் நிறுத்த முடியவில்லை. பெரிய டாக்டர் கொடுத்துவிட்டுப் போன அந்த வாக்கியம் போய்விட்டது. என் மகள் உயிரோடு வந்து அதைப் பொய்யாக்கிவிட்டாள். அவளைக் காப்பாற்ற முடிந்தது என்றால் அவனையும் முடிந்திருக்கும். ஓர் ஆட்டோ. இருபது நிமிஷத் தூரம். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அதில் ஏறி உட்கார்ந்திருந்தால் அவனுக்கு இப்போது இரண்டு வயசு.

வராந்தாவில் வீட்டுக்காரரின் செருப்புச் சத்தம் கேட்டது. அண்ணி சட்டென்று தண்ணீரில் துணியை நனைத்து என் முகத்தைத் துடைத்தார். தன் முகத்தையும் துடைத்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒன்றும் பேசி வைத்துக்கொள்ளவில்லை.

அவர் உள்ளே வந்தார். இரண்டு வருஷத்தில் அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை.

"கண்ணைத் திறந்து பார்த்தா. விரலைக் கொடுத்தேன், கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா" என்றார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "அவனையும் நினைச்சுக்கிட்டேன். அவன் எப்படியும் போக வேண்டியவன்தான். பெரிய டாக்டரே சொன்னாரே, செவ்வாய்க்கிழமை வந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதுன்னு. இல்ல?" என்றார்.

அண்ணி ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்.

"ஆமாங்க" என்றேன்.